யாரைக் கேட்டு மதிப்பெண் போட்டார்கள்?

2007 ஏப்ரல் 28 அன்று மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அத்தொகுதியின் உறுப்பினர், ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கே. சிவலிங்கம் காலமானதால் வந்த தேர்தல். அதே கட்சியின் கே. பார்த்திபன், எதிர்க்கட்சி வேட்பாளர் காலித் இப்ராஹிமைத் தோற்கடித்தார். வாக்குப்பதிவுக்கு முந்திய வாரங்களில் வட்டாரச் சாலைகள் தார் கண்டன, தெருவிளக்குகள் முளைத்தன. பல வருடம் மனுக்கொடுத்தும் அசையாத வேலை சில வாரத்தில் முடிந்தது என்றால், பணமும் ஆளும் முன்பே இருந்தன என்றுதானே பொருள்?

ஆனால் அது மாநிலத் தொகுதிக்கான தேர்தல். குப்பை, வடிகால், சிறு சாலை எல்லாம் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. அந்த மன்றத்துக்கு இந்த நாட்டில் தேர்தலே கிடையாது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் நிறுத்தினார்கள். ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் மீண்டும் நடத்தலாம் என்று பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அந்த வாசலை மூடிவிட்டது. ஈஜோக் வட்டாரத்தைக் கவனிக்கும் கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021-இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்தபோதும், அதன் உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமித்தது. வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் சேவையின் தரத்தை எப்படி அளப்பது? இதற்கு இரண்டு வழிகளை எடுத்துப் பார்க்கலாம்.

ஒன்று நம்முடையது: வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் நட்சத்திரத் தர மதிப்பீடு. நிர்வாகம், அடிப்படைச் சேவை, வாடிக்கையாளர் கவனிப்பு, சமூகப் பங்கேற்பும் குடியிருப்பாளர் கருத்தும் என நான்கு தலைப்புகள். மன்றம் கோப்புகளையும் கணக்குகளையும் எடுத்து வைக்கும். மதிப்பீட்டாளர்கள் சரிபார்த்து நட்சத்திரம் தருவார்கள். இதை வெறும் காகித வேலை என்று ஒதுக்க மாட்டேன். கணக்கே வைக்காத மன்றத்தைக் கணக்கு வைக்கச் செய்வதும் ஒரு சாதனைதான்.

மற்றொன்று பெங்களூரில் பிறந்தது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முன்னாள் இயக்குநர் சாமுவேல் பால், 1994-இல் 'குடிமக்கள் மதிப்பெண் அட்டை' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். அலுவலகத்தின் கோப்புகளைத் தொடாமல், வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். தண்ணீர் வாரியம், மின்வாரியம், மாநகராட்சி, நகர வளர்ச்சி ஆணையம் ஆகியவற்றோடு உங்களுக்கு வேலை இருந்ததா, எத்தனை முறை அலைந்தீர்கள், கையூட்டுக் கொடுத்தீர்களா, திருப்தியா? வளர்ச்சி ஆணையத்தில் திருப்தி கண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். நாளிதழ்கள் அதை வெளியிட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் தண்ணீர் வாரியமும் வளர்ச்சி ஆணையமும் மக்கள் வாக்கில் வந்தவை அல்ல. நம் நகராண்மைக் கழகத்தைப் போல, மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள் நடத்துபவை. அப்படியிருந்தும் அவை அசைந்தன. ஆனால் உடனே இல்லை. 1999-இல் இரண்டாம் அட்டை வந்தபோது முன்னேற்றம் சொற்பமே. முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா அதே ஆண்டில் நந்தன் நிலேகனி தலைமையில் பெங்களூருக்கென்று ஒரு பணிக்குழு அமைத்து, துறைத் தலைவர்களைப் பொதுமேடையில் ஏற்றிப் பதில் சொல்ல வைத்த பிறகே 2003-ஆம் ஆண்டு அட்டையில் மதிப்பெண் நன்றாக ஏறியது. மதிப்பெண் அட்டையை வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்க மேலே ஒருவர் வேண்டியிருந்தது. அட்டையின் புகழ்பாடிகள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இரண்டையும் எங்கள் வடசிலாங்கூர் தோட்டப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் புகார் குறைவு என்றால் சேவை நன்று என்று தோன்றும். ஆனால் வடிகால் அடைத்துக்கொண்டால், லயத்து வீட்டுக்காரர் நகராண்மைக் கழகத்துக்கு எழுதுவதில்லை. கிராணியிடம் சொல்வார், கிராணி மானேஜரிடம் சொல்வார். கழகத்தின் ஏட்டில் அந்த வடிகால் அடைபடவே இல்லை.

அதற்குக் காரணமும் உண்டு. தோட்டம் தனியார் நிலம். உள்ளே சாலையும் குப்பையும் நிர்வாகத்தின் பாடு. தொழிலாளர் வீடு, தண்ணீர், சுகாதாரம் ஆகியவற்றை 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் முதலாளியின் கடமையாக்கி, கண்காணிப்பைத் தொழிலாளர் இலாகாவிடம் விட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனை 1917-இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் பெஸ்தாரி ஜெயா பக்கம்தான். அந்தப் பெருமை பாடப்புத்தகத்தில் உண்டு. ஆனால் இந்த வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்து, ஓய்வு பெற்றும் லயத்திலேயே தங்கிவிட்ட ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். அவர் இன்று தொழிலாளி அல்ல. 446-ஆவது சட்டம் அவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. மதிப்பீட்டு வரி அவர் பெயரில் வருவதில்லை. கழகத்துக்கும் அவர் வாடிக்கையாளர் அல்ல. எத்தனை நட்சத்திரம் கிடைத்தாலும் அந்தக் கணக்கில் அவர் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பெங்களூர்க் குழுவினர் இதே சிக்கலைக் குடிசைப் பகுதிகளில் சந்தித்தார்கள். வீட்டு வரிப் பட்டியலை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தால் குடிசைக்காரர் தப்பிவிடுவார். ஆகவே குடிசைகளுக்குத் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தி, தனியாக முடிவு வெளியிட்டார்கள். நாம் கடன்வாங்க வேண்டியது அட்டையைவிட இந்தப் பிரிப்பைத்தான் என்பது என் எண்ணம்.

அதைத் தொடங்கச் சட்டத்தில் பிடி இல்லாமல் இல்லை. ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது; செயற்குழுக்களுக்கு அது பொருந்தாது. நாட்டிலேயே முதலில் 2011-இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலமும் சிலாங்கூர்தான். குப்பை லோரி எந்தச் சாலைக்கு எந்த நாள் வருகிறது என்று கேட்டு வாங்கலாம். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் இரண்டு நிறத் தாளில் கேள்விகளை அச்சிடலாம்: தாமான்காரர்களுக்கு ஒன்று, லயத்துக்கு ஒன்று. லயத்துத் தாளின் முதல் கேள்வி, 'லோரி வீட்டு வாசல்வரை வருகிறதா, தோட்டத்துக் கேட்டோடு திரும்பிவிடுகிறதா?'