படியளந்த வியன்னா வைத்தியர்

எக்லன்டைன் ஜெப் அம்மையாரைப் போன வாரம் லண்டன் நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். இந்த வாரம் தீர்ப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன், 1919 வசந்தத்தில் டிராஃபல்கர் சதுக்கத்தில் அவர் விநியோகித்துப் பிடிபட்டாரே, அந்தத் துண்டறிக்கையை இன்னொரு தடவை பாருங்கள். தலை பெருத்து உடல் வற்றிய ஒரு குழந்தையின் படம். அது ஆஸ்திரியக் குழந்தை. இரண்டு நாளாக நான் அந்தப் படத்தைவிட்டு நகரவில்லை. வழக்கு நடந்தது லண்டனில். பசி இருந்தது வியன்னாவில். ஒரு நடை அங்கே போய்வந்துவிடுவோம்.

ஹாப்ஸ்பர்க் சாம்ராஜ்யம் சிதறிய கதையை முன்பே பார்த்துவிட்டோம். ஹங்கேரியின் கோதுமையும் செக் நாட்டு நிலக்கரியும் ஒரே குளிர்காலத்தில் அந்நிய நாட்டுச் சரக்காகிவிட்டன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சுமார் 18 லட்சம் பேர் வாழ்ந்த தலைநகரம், தனக்குச் சோறுபோட்ட நாட்டை இழந்து நின்றது. சண்டை நின்ற பிறகும் நேச நாடுகள் கடல் முற்றுகையைச் சட்டென்று விலக்கவில்லை. தோற்றவன் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்வரை அவன் கழுத்தில் ஒரு பிடி இருக்கட்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கு ராஜதந்திரிகள் என்று பெயர். இந்தத் தொடரில் அவர்களே வில்லன்கள். இதில் நான் நடுநிலை வகிக்கப்போவதில்லை.

இனி நம் ஆளுக்கு வருவோம். 'எனக்குக் கத்திரிக்காய் அலர்ஜி' என்கிறோம். பிடிக்காத உறவினரைக்கூட 'அவரைக் கண்டாலே அலர்ஜி' என்போம். அந்தச் சொல்லை 1906இல் உண்டாக்கியவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே என்ற வியன்னா குழந்தை மருத்துவர். 1874இல் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியாராகப் போக இறையியல் படித்தார், பிறகு தத்துவம் படித்தார், இரண்டும் ஒட்டாமல் மருத்துவத்துக்கு வந்தார். தோலில் லேசாகக் கீறிக் காசநோய்த் தொற்றைக் கண்டுபிடிக்கும் சோதனையை 1907இல் சொன்னவரும் அவரே. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியராக்கியது. அங்கேயும் கால் தரிக்கவில்லை. 1911இல் வியன்னா பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமைக்குத் திரும்பிவிட்டார். வராமல் இருந்திருந்தால் பஞ்சத்தைப் பார்த்திருக்க மாட்டார். நானும் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்க மாட்டேன்.

1919இல் ஹெர்பர்ட் ஹூவரின் அமெரிக்க நிவாரண அமைப்பு ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு உணவு கொண்டுவந்தது. மாவு, அரிசி, பயறு, கோகோ, சர்க்கரை, கெட்டிப்பால், பன்றிக் கொழுப்பு. ஹூவர் அன்பின் உருவமொன்றும் இல்லை. பசித்த நாடுகள் போல்ஷெவிக் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்ற கவலை அவருக்கு நிறையவே உண்டு. கோகோவைக் குடித்த பிள்ளைக்கு அந்தக் கவலை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கேட்டு நிற்கும் எல்லாருக்கும் போட உணவு இல்லை. அப்படியானால் யாருக்கு? அழுகிற தாயின் பிள்ளைக்கா, அதிகாரியைத் தெரிந்தவரின் பிள்ளைக்கா, கந்தல் உடுத்தியதற்கா? கோட்டுப் போட்ட நடுத்தர வீட்டுப் பிள்ளை கந்தல் பிள்ளையைவிட வற்றிப்போயிருந்த ஊர் அது.

'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பார்கள் நம் ஊரில். பிர்கே பாத்திரத்தையே அளக்கக் கிளம்பினார். குடலின் நீளம், உட்கார்ந்த நிலையில் இருக்கும் உயரத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு என்பது அவர் கணக்கு. அந்த உயரத்தின் வர்க்கத்தைக் கொண்டு, ஓர் உடல் எவ்வளவு உணவை ஏற்கும் என்று மதிப்பிட்டார். பிள்ளை இளைத்திருக்கிறதா என்பதற்கு இன்னொரு சூத்திரம்: எடையைக் கிராமில் எழுது, பத்தால் பெருக்கு, கனமூலம் எடு, உட்கார்ந்த உயரத்தால் வகு, நூறால் பெருக்கு. லத்தீன் சொற்களின் துண்டுகளை ஒட்டுப்போட்டு அதற்குப் 'பெலிடிசி' என்று பெயர் வைத்தார்.

நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 20 கிலோ எடை, உட்கார்ந்த உயரம் 63 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 93க்குச் சற்றுக் குறைவு. நன்றாக உண்ட பெரியவருக்கு நூறை ஒட்டி வரும். தொண்ணூறுகளின் நடுவுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பிள்ளைக்குத் தட்டு வைக்க வேண்டும். நம் 63 சென்டிமீட்டர் பிள்ளைக்குத் தட்டு உண்டு. சிபாரிசுக் கடிதம் தேவையில்லை.

எண் ஒன்றை மட்டும் நம்பவில்லை மனிதர். ரத்தம், கொழுப்பு, உடலின் நீர்ப்பிடிப்பு, தசை நான்கையும் மருத்துவர் பார்த்துச் சொல்ல 'சக்ரதம' என்று ஒரு சொல் கட்டினார். நான்கு அசை, நான்கு அம்சம். எல்லாமே 'அ' என்று வந்தால் பிள்ளை நலம். ஓர் அம்சம் குறைந்தால் அந்த இடத்தில் 'ஒ', மிகக் குறைந்தால் 'உ'. ரத்தமும் தசையும் குறைந்த பிள்ளை 'சொக்ரதமொ'. ஏதோ கிரேக்க ஞானியின் பேரன் பெயர் மாதிரி இருக்கிறது! ஒரே சொல்லில் ஒரு பிள்ளையின் மருத்துவச் சீட்டையே எழுதிவிட்டார்.

கலோரியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அடுப்படிப் பெண்ணுக்குக் கலோரி என்றால் என்ன புரியும் என்று கேட்டு, ஒரு கிராம் பாலின் சத்தையே அலகாக்கி 'நெம்' என்றார். ஒரு கிராம் சர்க்கரை ஆறு நெம், வெண்ணெய் என்றால் பன்னிரண்டை ஒட்டி. தாய்ப்பாலில் தொடங்குகிற உயிருக்குப் பாலைவிடப் பொருத்தமான படி எது? எனக்கு இது பிடித்திருக்கிறது. உலகம் இதை மறந்து கலோரியோடு போனதில் வருத்தமும் உண்டு.

நிவாரணக் கூடத்தில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. தம்பிக்குப் பாதியை ஒளித்துவைக்க நினைத்த அக்காவுக்கு இது கொடுமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தட்டு வீட்டுக்குப் போனால் பெரியவர்களும் பங்கு கேட்பார்கள். அளந்து தேர்ந்தெடுத்த பிள்ளை பழையபடி பட்டினி. கல்நெஞ்சுக்காரர் போட்ட விதி போலத் தோன்றினாலும் பசியின் போக்கை அறிந்த விதி அது.

என் நாயகன் எல்லாவற்றிலும் சரி என்று சொல்லிவிட்டால் கணக்கு நேராகாது. அவருடைய மருத்துவமனையிலேயே, 1919 முதல் 1922 வரை, ஹாரியட் சிக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோயை ஆராய்ந்தார்கள். மீன் எண்ணெயும் சூரிய வெளிச்சமும் அதைத் தடுக்கும், குணமாக்கும் என்று நிரூபித்தார்கள். வைட்டமின் பேச்சில் பிர்கேவுக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. உணவின் அளவைப் பார்த்தவர் அதன் வகையைக் குறைத்து எடைபோட்டுவிட்டார். ஆனால் தன் கருத்துக்கு எதிரான ஆராய்ச்சிக்குத் தன் வார்டுகளையே திறந்துவிட்டார். நேற்றுவரை எதிரி நாட்டுக்காரர்களான பெண்களுக்கு! எத்தனை பேராசிரியர்கள் செய்வார்கள்?

1929 பிப்ரவரியில் அவரும் மனைவியும் சேர்ந்து தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பெலிடிசியும் நெம்மும் வழக்கொழிந்தன. அளந்து பார்த்துத் தட்டு வைக்கும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று பஞ்சம் பாதித்த எந்த முகாமிலும் ஒரு நிறப்பட்டை நாடாவைக் காணலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள்ளான குழந்தையின் மேற்கையில் சுற்றுவார்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் சிவப்பு. குழந்தைக்கு உடனே சிகிச்சை. அங்கே கொடுக்கும் வேர்க்கடலை விழுதுப் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. பிர்கே இருந்திருந்தால் 750 நெம் என்று திருத்தியிருப்பார்.

பரிதாபம் காசு சேர்க்கும். அந்தக் காசைச் சரியான வயிற்றுக்குக் கொண்டுசேர்ப்பது அளவுகோல்தான். இதைச் சொல்லவே இத்தனை பத்தி செலவாயிற்று. பக்கம் முடிகிறது என்று ஆசிரியர் குரல் கொடுத்துவிட்டார். நீதிமன்றத்துக்கு ஓடுவோம்.

தணிக்கை அனுமதி இல்லாமல் துண்டறிக்கை வெளியிட்டது குற்றமே என்று தீர்ப்பு. ஜெப் அம்மையாருக்கு ஐந்து பவுன் அபராதம். அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞர் சர் ஆர்ச்சிபால்ட் பாட்கின், வழக்கு முடிந்ததும் தன் சொந்தப் பணத்தில் ஐந்து பவுனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சில நாள் கழித்து, மே 19 அன்று ஆல்பர்ட் மண்டபக் கூட்டத்தில் 'சேவ் தி சில்ட்ரன்' நிதி தொடங்கப்பட்டது. 1924 ஜெனிவா குழந்தைகள் உரிமைப் பிரகடனம் அடுத்த வாரம். நடுவில் வேறு எந்த வைத்தியரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்கிறேன்.