குதிரைப் பந்தயக் கணிப்பில் பயிற்சியாளர் புள்ளிவிவரம்: ஒரு வரலாறு

அமெரிக்கக் குதிரைப் பந்தய நாளிதழ் ஒன்றை இன்று புரட்டினால், ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களுக்குக் கீழும் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். நீண்ட ஓய்வுக்குப் பின் இந்தப் பயிற்சியாளர் களமிறக்கிய குதிரைகளில் எத்தனை விழுக்காடு வென்றன, முதன்முறையாக ஓடியவற்றில் எத்தனை, மண்தரையிலிருந்து புல்தரைக்கு மாற்றியவற்றில் எத்தனை என்று அவை சொல்லும். அந்தக் குதிரைகள் ஒவ்வொன்றின் மீதும் 2 டாலர் கட்டியிருந்தால் சராசரியாக எவ்வளவு திரும்பியிருக்கும் என்ற கணக்கும் கூடவே இருக்கும். குதிரையைப் பற்றிய இதழில் மனிதரைப் பற்றிய கணக்கு இவ்வளவு இடம் பிடிப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அது இடம் பிடித்தபோது அதன் பயனில் பெரும்பகுதி போய்விட்டது என்பதுதான் இவ்வரலாற்றின் விசித்திரம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'ஹேண்டிகேப்' என்ற சொல் இங்கிலாந்தில் எடை ஏற்றுவதைக் குறிக்கும். வலிய குதிரைக்குக் கூடுதல் எடையும் மெலிந்ததற்குக் குறைந்த எடையும் சுமத்தி எல்லாவற்றுக்கும் ஒத்த வாய்ப்பு உண்டாக்குவது அது. அமெரிக்காவில் அதே சொல், வெல்லப்போகும் குதிரையைக் கணிப்பதற்கும் வழங்குகிறது. இக்கட்டுரை இரண்டாவது பொருளைப் பற்றியது.

பெயரில்லாத வேலையாள்

பந்தய முடிவுகளைத் தொகுத்து அச்சிடும் வழக்கம் இங்கிலாந்தில் 1727-இல் ஜான் செனி வெளியிட்ட தொகுப்பிலிருந்து தொடங்குகிறது. 1773 முதல் வெதர்பி குடும்பத்தாரின் பந்தய நாட்காட்டி அப்பணியைத் தொடர்ந்தது. 1791-இல் குதிரை வம்சாவளி நூலும் வந்தது. இப்பதிவுகளின் நோக்கம் தெளிவானது: யாருடைய குதிரை, எந்த வம்சம், எங்கே ஓடியது, எவ்வளவு பரிசு. குதிரையைப் பழக்கியவர் பிரபுவின் லாயத்து வேலையாள். சமையற்காரரின் பெயரை விருந்துப் பட்டியலில் போடாதது போலத்தான் அவர் பெயரும் விடுபட்டது.

19-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பயிற்சியாளர்கள் பல உரிமையாளர்களின் குதிரைகளை ஏற்றுத் தனியே லாயம் நடத்தத் தொடங்கினர. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜான் ஸ்காட் பழக்கிய குதிரைகள் செயின்ட் லெஜர் பந்தயத்தை 16 முறை வென்றன. 1853-இல் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் குதிரையான வெஸ்ட் ஆஸ்திரேலியன் அவர் லாயத்துக் குதிரையே. 'வடக்கின் மந்திரவாதி' என்று அவரை அழைத்தார்கள். பட்டப்பெயர் கிடைத்தது, கணக்கு கிடைக்கவில்லை. திறமையை மந்திரம் என்று சொல்லிவிட்டால் எண்ணிப் பார்க்கும் வேலை மிச்சம்.

புறா வளர்த்தவரும் 1,500 டாலர் குதிரையும்

எண்ணிப் பார்க்கும் பழக்கம் வளர்ந்தது அமெரிக்காவில். 1894-இல் சிகாகோவில் ஃபிராங்க் புரூனெல் 'டெய்லி ரேசிங் ஃபார்ம்' என்ற நாளிதழைத் தொடங்கினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு குதிரையின் முந்தைய ஓட்டங்களையும் வரிசையாகத் தரும் அட்டவணை அதில் இடம்பெற்றது. பந்தயம் கட்டுபவர் நினைவையும் வதந்தியையும் மட்டும் நம்பியிருந்த காலம் அத்துடன் முடிந்தது. ஆனால் அட்டவணையின் நாயகன் குதிரைதான். இன்று காணும் வகைவாரியான பயிற்சியாளர் கணக்கு அதில் வெகுகாலம் இல்லை.

அதே சமயம், பயிற்சியாளரின் கைத்திறனைப் பிரித்துக் காட்டும் ஓர் ஏற்பாடு அமெரிக்கப் பந்தயங்களில் பரவியிருந்தது. அது 'கிளெய்மிங்' பந்தயம். இதில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் விலை குறிக்கப்பட்டிருக்கும்; தகுதியுள்ள எவரும் பந்தயத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்து அவ்விலைக்கு அதை வாங்கிக்கொள்ளலாம். நல்ல குதிரையை மலிவான பந்தயத்தில் ஓட்டிச் சுலபப் பரிசு தட்ட நினைத்தால் குதிரையே கைமாறிவிடும். இதனால் ஒரே குதிரை ஒரு மாதம் ஒருவரிடமும் அடுத்த மாதம் இன்னொருவரிடமும் இருப்பது சாதாரணமாயிற்று. குதிரை அதே, கைதான் வேறு. கணக்கெடுப்பவருக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் வேண்டியதில்லை.

இக்களத்தின் அரசர் நியூயார்க்கின் ஹிர்ஷ் ஜேகப்ஸ். இளமையில் புறாப் பந்தயம் நடத்தியவர். வெற்றிகளின் எண்ணிக்கையில் நாட்டின் முதல் பயிற்சியாளராக 11 ஆண்டுகள் இருந்தார். 1943-இல் அவர் 1,500 டாலருக்கு ஸ்டைமி என்ற குதிரையை எடுத்தார். புகழ்பெற்ற கிங் ராஞ்சு லாயம் கைவிட்ட குதிரை அது. 131 ஓட்டங்களில் 35 வெற்றியும் 9,18,485 டாலர் பரிசுமாக அது ஓய்வு பெற்றது. ஜேகப்ஸ் எடுத்த குதிரை அடுத்த ஓட்டத்தில் முன்னேறும் என்பதைப் பந்தயத் திடலில் நிற்பவர்கள் விரைவில் கற்றுக்கொண்டார்கள். அவரவர் கண்ணால் சேர்த்த அந்த அறிவுதான் பயிற்சியாளர் புள்ளிவிவரத்தின் முதல் வடிவம் என்று சொல்லலாம்.

நோட்டுப் புத்தகக் காலம்

1973 கோடையில் அமெரிக்கா முழுவதும் ஒரே ஒரு குதிரையைப் பற்றித்தான் பேசியது. மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றிருந்த செக்ரட்டேரியட்டை ஆகஸ்டில் ஆனியன் என்ற குதிரை தோற்கடித்தது. செப்டம்பரில் புரூவ் அவுட் தோற்கடித்தது. இரண்டுக்கும் பயிற்சியாளர் ஒருவரே: ஆலன் ஜெர்கன்ஸ். 1960-களில் கெல்சோ என்ற பெரும் குதிரையையும் அவர் பழக்கிய பியூ பர்ப்பிள் மூன்று முறை வீழ்த்தியிருந்தது. குதிரைகளின் அட்டவணையை மட்டும் படித்தவர்களுக்கு இவை விபத்துகள். லாயத்தைக் கவனித்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

இப்பத்தாண்டில்தான் கணிப்பு நூல்களில் பயிற்சியாளர் தனி அத்தியாயம் ஆனார். 1975-இல் ஆண்ட்ரூ பேயரின் நூலும் 1977-இல் ஸ்டீவ் டேவிடோவிட்ஸின் நூலும் வந்தன. பேயர் முதன்மையாக வேகக் கணக்கின் ஆள். டேவிடோவிட்ஸ் பயிற்சியாளர்களின் வழக்கங்களைக் குறித்துவைக்கும்படி வாசகர்களை வற்புறுத்தியவர். ஒருவர் குதிரையை மூன்று மாதம் ஓய்வில் விட்டு நேராக வெற்றிக்கே தயாராக்குவார். இன்னொருவர் முதல் ஓட்டத்தைப் பயிற்சியாகவே எண்ணுவார்; அவர் குதிரை இரண்டாம் ஓட்டத்தில்தான் விழிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஓய்வு முடிந்து வரும் குதிரைகள்தாம். வேறுபாடு மனிதரின் பழக்கத்தில் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அன்று ஒரே வழி பந்தய முடிவுகளை நாள்தோறும் கத்தரித்து, பயிற்சியாளர் வாரியாக நோட்டில் ஒட்டுவது. சலிப்பூட்டும் வேலை. சலிப்பாக இருந்ததாலேயே அது பணம் தந்தது என்பது என் கருத்து. ஏன் என்பதை விளக்கப் பந்தயப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

விலை விழுங்கிய அறிவு

1860-களில் பாரிஸில் ஜோசஃப் ஒல்லே உருவாக்கிய 'பாரிமியூச்சுவல்' முறையில், பந்தயம் கட்டுபவர் நிறுவனத்தோடு மோதுவதில்லை. சக பந்தயக்காரர்களோடு மோதுகிறார். கட்டப்பட்ட எல்லாப் பணமும் ஒரே குடத்தில் விழும். அரசும் கிளப்பும் தம் பங்கை எடுத்தபின் மிஞ்சியது வென்றவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். நியூயார்க் மாநிலம் 1940-இல் இம்முறைக்கு மாறியது.

ஓர் எடுத்துக்காட்டு. குடத்தில் 1,00,000 டாலர், பிடித்தம் 17 விழுக்காடு, மிச்சம் 83,000. நம் குதிரையின் உண்மையான வாய்ப்பு நான்கில் ஒன்று என்று நோட்டுப் புத்தகம் சொல்கிறது. அதன்மேல் மற்றவர்கள் 20,000 டாலர் கட்டியிருந்தால், வென்றால் டாலருக்கு 4.15 கிடைக்கும், நான்கில் ஒரு முறை 4.15 என்பது சராசரியாக 1.04. டாலருக்கு 4 காசு லாபம். இப்போது அதே தகவல் இதழில் அச்சாகி, அந்தக் குதிரைமேல் 28,000 டாலர் விழுகிறது. கிடைப்பது 2.96, சராசரி 74 காசு. தகவல் துளியும் பொய்யாகவில்லை, குதிரையும் அதே குதிரை, லாபம் மட்டும் 26 காசு நட்டமாகிவிட்டது.

நடந்ததும் இதுவே. பேயரின் வேக எண்கள் 1992-இல் டெய்லி ரேசிங் ஃபார்மில் அச்சேறின. பிறகு அந்த எண்களால் கிடைத்துவந்த ஆதாயம் சுருங்கியதை அவரே எழுதியிருக்கிறார். பயிற்சியாளர் கணக்கும் கணினியின் வழியே அதே பாதையில் போயிற்று. ஒருவர் பத்தாண்டு ஒட்டிச் சேர்த்ததை இப்போது எவரும் சில விநாடிகளில் தேடி எடுக்கலாம்.

தேடல் சுலபமானதும் இன்னொரு தொல்லை வந்தது. 12 ஓட்டத்தில் 3 வெற்றி என்றாலும் 25 விழுக்காடு, 400 ஓட்டத்தில் 100 வெற்றி என்றாலும் 25 விழுக்காடு. பின்னதில் உண்மை விகிதம் ஏறக்குறைய 21-க்கும் 29-க்கும் இடையே இருக்கும் என்று நம்பலாம். முன்னதில் அது மிகச் சிறியதாகவும் இருக்கலாம், 50 வரையும் போகலாம். டாலர் கணக்கு இன்னும் ஏமாற்றும். 20 குதிரைகளின் மேல் தலா 2 டாலர் கட்டி, ஒன்று மட்டும் வென்று 46 டாலர் தந்தால், 15 விழுக்காடு லாபம் என்று அச்சாகும். அந்த ஒரு மதியத்தை நீக்கினால் மிச்சம் சுழியம். நூறு பயிற்சியாளர்களைப் பத்து வகைகளில் சலித்தால் ஆயிரம் கட்டங்கள். வெறும் தற்செயலாலேயே சில டஜன் கட்டங்கள் பளபளக்கும். அவற்றுக்குப் பின்னே பயிற்சியாளரின் நோக்கம் இருப்பதாகக் கதை கட்டுவது மிக எளிது.

ஹாங்காங்கும் சென்னையும்

1986-இல் ரூத் போல்டனும் ராண்டல் சாப்மனும் 200 பந்தயங்களின் தரவைக் கொண்டு ஒவ்வொரு குதிரையின் வெற்றி வாய்ப்பையும் கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட காரணிகளில் ஜாக்கியின் வெற்றி விகிதம் உண்டு, பயிற்சியாளர் இல்லை. இவ்வழியைப் பின்பற்றிய பில் பென்டர் ஹாங்காங்கில் கணினி மூலம் பெரும் பணம் ஈட்டினார். இரண்டே திடல்கள், அவற்றில் மட்டுமே ஓடும் குதிரைகள், வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில் பயிற்சியாளர்கள் என்பதால் தரவு அங்கே சுத்தமாகக் கிடைத்தது. 1994-இல் அவர் எழுதிய கட்டுரையில் முக்கியமானது, தம் கணிப்பை மட்டும் நம்பாமல் பொதுமக்கள் கட்டிய பணம் காட்டும் விகிதத்தையும் அதோடு இணைத்ததுதான். மற்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கழித்தபின் மிஞ்சுவதற்கே விலை உண்டு என்பதை அவர் சூத்திரமாக்கினார்.

கணித்துக் கட்டுவது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்கும் போனது. இந்தியாவில் அதற்கு விடை தந்த வழக்கு கிண்டியிலிருந்து எழுந்தது. 1896-இல் அமைந்த மெட்ராஸ் ரேஸ் கிளப் நடத்திய பந்தயங்களை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-இல் சட்டம் இயற்றியது. 1986-இல் கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, எனவே அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வேகம், தாங்குதிறன், பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவை அத்தீர்ப்பில் எடைபோடப்பட்டன. சட்டத்துக்கு அது போதும். ஆனால் திறமை தேவைப்படுகிறது என்பது வேறு, திறமையுள்ளவர் பிடித்தத்தைத் தாண்டி லாபம் காண்கிறார் என்பது வேறு; தீர்ப்பைக் காட்டிப் பந்தயம் கட்டத் தூண்டுவோர் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள்.

எண் எதை அளந்தது?

பயிற்சியாளர் விழுக்காட்டை ஆளின் திறமை என்று படிப்பது இயல்பு. ஜார்ஜ் நவாரோ, ஜேசன் சர்விஸ் ஆகிய இருவரின் விழுக்காடுகள் 2010-களின் இறுதியில் பந்தயக்காரர்களை வியக்கவைத்தன. பலர் அந்த எண்களைப் பின்பற்றிக் கட்டினார்கள். 2020 மார்ச்சில் இருபதுக்கும் மேற்பட்டோர் மீது அமெரிக்க அரசு ஊக்கமருந்து வழக்குத் தொடுத்தது. இருவரும் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நவாரோவுக்கு 2021-இல் 5 ஆண்டும் சர்விஸுக்கு 2023-இல் 4 ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. நாடு முழுவதற்கும் ஒரே ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரும் சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறியது.

பந்தயம் கட்டியவரின் பார்வையில் நவாரோவின் விழுக்காடு சரியாகவே வேலை செய்தது, குதிரைகள் வென்றன. அந்த எண்ணுக்குள் தீவனம், பயிற்சி, பந்தயத் தேர்வு, மருந்து ஊசி எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தன. பிரித்துக் காட்டும் வசதி அதில் இல்லை. சர்விஸின் லாயத்துக் குதிரையான மேக்சிமம் செக்யூரிட்டி 2019 கென்டக்கி டெர்பியில் முதலில் எல்லையைக் கடந்து, மற்றக் குதிரைகளை இடைமறித்ததற்காகத் தகுதி நீக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் முதல் சவூதி கோப்பைப் பந்தயத்தில் முதலில் வந்தது. அடுத்த மாதம் சர்விஸ் மீது குற்றச்சாட்டு வந்ததும் வேறொரு பயிற்சியாளரிடம் போயிற்று. அந்த ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் பசிபிக் கிளாசிக் பந்தயத்தையும் வென்றது.