சங்க காலத்துக்கு வந்த இத்தாலி ஒயினும், சிட்லபாக்கத்துக்கு வந்த ஒரு பாட்டிலும்

1/ ஆறு மாசம் முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சிட்லபாக்கத்துல என் கிளினிக். 58 வயசுக்காரர். சர்க்கரை, பிபி, ஃபேட்டி லிவர் மூணும் உண்டு. ரிப்போர்ட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது மெதுவா ஆரம்பிச்சார்: "டாக்டர், பொண்ணு இத்தாலி போயிட்டு ஒரு ரெட் ஒயின் கொண்டாந்திருக்கா. சின்னத் தோட்டமாம், நாலு தலைமுறையா ஒரே குடும்பம் செய்யுறதாம். தினம் ஒரு கிளாஸ் ஹார்ட்டுக்கு நல்லதுதானே?"

2/ நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அடுத்த பந்து வந்துச்சு. "சங்க காலத்துலயே நம்ம ராஜாக்கள் இதைக் குடிச்சிருக்காங்க சார், புறநானூற்றுல இருக்கு." மனுஷர் படிச்சவர். அவர் சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு. ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத்தான் இந்த நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

3/ முதல்ல சரியான பாதி. புறநானூறு 56, நக்கீரர் பாடியது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்துல ஊத்தி மகளிர் தர, நீ தினமும் மகிழ்ந்திருன்னு சொல்றார். வெளிநாட்டு ஒயின் தமிழ் மன்னனோட அரண்மனைக்கு வந்ததுக்கு இதைவிட நேரடியான இலக்கியச் சான்று வேணுமா?

4/ மண்ணுக்குள்ளயும் சான்று இருக்கு. 1944ல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவரா வந்த மார்ட்டிமர் வீலர், நம்ம எழும்பூர் மியூசியத்துக்குப் போனார். அங்க ஒரு அலமாரிக்குள்ள கைப்பிடியோட ஒரு உடைஞ்ச ஜாடிக் கழுத்து கிடந்தது. ரோமானிய ஒயின் ஜாடின்னு பார்த்ததுமே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. அது வந்த இடம் புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேடு.

5/ 1945ல் வீலர் அங்க தோண்டினார். அவருக்கு அப்புறம் பிரெஞ்சுக்காரர் கசால். 1989லிருந்து 1992 வரை விமலா பெக்லி குழு. கிடைச்ச ஜாடித் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அம்மையார் ஒவ்வொண்ணா எடுத்து, எது எந்த ஊர்ல வனைஞ்சதுன்னு வகைப்படுத்தினார். நாங்க ஸ்லைடை மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பார்க்கிற மாதிரிதான், களிமண்ணுல என்ன துகள் கலந்திருக்குன்னு பார்க்கிறது.

6/ ஆம்ஃபோரான்னு பேரு. ரெண்டு கைப்பிடி, நீளக் கழுத்து, கூரான அடி. கூர் அடி எதுக்குன்னா, கப்பல்ல ஒண்ணு மேல ஒண்ணு சொருகி அடுக்க. ரோமானியக் கணக்குப்படி ஒரு ஆம்ஃபோரா சுமார் 26 லிட்டர். உள்பக்கம் பைன் மரப் பிசின் பூசியிருப்பாங்க, இல்லைன்னா மண்ஜாடி ஒயினை உறிஞ்சிடும்.

7/ அரிக்கமேட்டுல அதிகமா கிடைச்சது கிரேக்கத் தீவான கோஸ் ரகம். இந்த ஒயினுக்கு ஒரு ரகசியம் உண்டு: கடல் தண்ணி கலப்பாங்க! ப்ளினி என்ற ரோமானிய எழுத்தாளர் இதுக்கு ஒரு கதை சொல்றார். ஒரு அடிமை, தான் கொடுக்க வேண்டிய அளவு குறையுதுன்னு கடல் தண்ணியை ஊத்திச் சமாளிச்சானாம். குடிச்சவங்களுக்கு அது பிடிச்சுப்போய், அதுவே வழக்கமாயிடுச்சாம். நம்ம ஊர்ல பால்ல தண்ணி ஊத்தினவனுக்கு இந்த யோகம் அடிக்கல.

8/ இத்தாலிக்காரங்க சும்மா இருப்பாங்களா? கோஸ் ஒயினை வீட்டுலயே செய்யுறதுக்குக் கேட்டோ தன் விவசாய நூல்ல செய்முறையே எழுதி வச்சார். ஜாடியோட வடிவத்தையும் காப்பி அடிச்சாங்க. அந்த இத்தாலிய ஜாடிகளும் அரிக்கமேட்டுல கிடைச்சிருக்கு. நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கம் வனைஞ்ச ஜாடிகளைக் கண்டுபிடிக்கிறது சுலபம். எரிமலையோட கருமணல் துகள் களிமண்ணுக்குள்ள வெறும் கண்ணுக்கே தெரியும்.

9/ அந்த எரிமலை வெசுவியஸ். அதன் அடிவாரத்துல போஸ்கோரியலேன்னு ஊர். அங்க வில்லா ரெஜினான்னு ஒரு சின்னப் பண்ணைவீட்டை 1977ல் கண்டுபிடிச்சாங்க. மாளிகை இல்ல, ஒரு குடும்பம் பாடுபட்ட இடம். முற்றத்துல கழுத்து வரை மண்ணுல புதைச்ச 18 பெரிய தாழிகள். திராட்சையை மிதிச்ச சாறு அதுக்குள்ள போய் நொதிக்கும். கி.பி. 79ல் எரிமலைச் சாம்பல் மூடினதால எல்லாம் அப்படியே இருந்துச்சு. செடிகளோட வேர் இருந்த பள்ளங்கள்ல வார்ப்பு ஊத்தி, எங்கெங்க கொடி நின்னுச்சுன்னுகூடக் கண்டுபிடிச்சாங்க.

10/ இந்த வீட்டு ஒயின்தான் பாண்டியன் குடிச்சதுன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த வட்டாரத்து மண்ணுல வனைஞ்ச ஜாடி நம்ம கடற்கரைக்கு வந்திருக்கு. இன்னொரு தகவல்: மாஸ்ட்ரோபெரார்டினோ என்ற இத்தாலியக் குடும்ப நிறுவனம் 1990கள்ல பாம்பேய் இடிபாடுகளுக்குள்ளயே பழைய இடங்கள்ல மறுபடி திராட்சை நட்டு ரெட் ஒயின் எடுத்தது. முதல் அறுவடை ஒயின் 2001ஆம் வருஷத்தது.

11/ சரி, அந்த ஜாடி இங்க எப்படி வந்துச்சு? இத்தாலியிலிருந்து எகிப்தோட அலெக்சாந்திரியா. நைல் நதியில படகுல கோப்டோஸ். அங்கிருந்து பாலைவனத்துல ஒட்டகம், பெரெனிகே துறைமுகம் போய்ச் சேர 12 நாள். கோடையில கப்பல் ஏறினா செங்கடலைத் தாண்ட சுமார் 30 நாள். பருவக்காற்றைப் பிடிச்சா இன்னும் 40 நாள்ல முசிறி. இதெல்லாம் ப்ளினி கணக்கு.

12/ பெரெனிகேல சுங்கச் சீட்டுகள் கிடைச்சிருக்கு. காகிதத்துல இல்ல, உடைஞ்ச ஓட்டுத் துண்டுல மையால எழுதினது! அதுல "இத்தாலிய ஒயின்"னே பேர் வருது. கோப்டோஸ்லயும் நிகானோர்னு ஒரு குடும்பத்தோட ரசீது ஓடுகள் கிடைச்சிருக்கு. தலைமுறையா ஒட்டக டிரான்ஸ்போர்ட் நடத்தின குடும்பம். தோட்டம் மட்டும் குடும்பத் தொழில் இல்ல பாருங்க, லாரி சர்வீஸும்தான்.

13/ இப்போ தப்பான பாதிக்கு வருவோம். "நம்ம முன்னோர் குடிச்சாங்க." யார் அந்த முன்னோர்? கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வணிகர் எழுதின பெரிப்ளஸ் என்ற கையேடு, முசிறிக்கு என்னென்ன ஏத்திக்கிட்டுப் போகணும்னு பட்டியல் போடுது. நாணயம், பவளம், கண்ணாடி... கூடவே ஒயின், ஆனா அதிகம் வேண்டாம்னு. வாங்குற ஆள் குறைவு. பாலைவனமும் ரெண்டு கடலும் தாண்டி வந்த சரக்கோட விலையை நினைச்சுப் பாருங்க.

14/ ஜனங்க குடிச்சது கள்ளு, நெல்லுல காய்ச்சினது, தேன்ல ஊற வச்சது. யவன மது அரண்மனைச் சமாச்சாரம். சோழ நாட்டு உழவனோ நெய்தல் நிலத்துப் பரதவரோ "தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின்" குடிச்சு ஆரோக்கியமா வாழ்ந்தாங்கன்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க. அதே தமிழ்லதான் திருக்குறளோட 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமைன்னு இருக்கு. பாட்டுல இருக்குன்னு ஒண்ணை எடுத்தா, இன்னொண்ணையும் எடுக்கணும்.

15/ இன்னொரு ஜாக்கிரதை. இந்தியாவுல பல இடங்கள்ல ரோமானிய ஜாடின்னு எழுதி வச்ச துண்டுகளை ராபர்ட்டா டோம்பர் என்ற ஆய்வாளர் மறுபடி பார்த்தார். நிறைய துண்டுகள் மெசபடோமியப் பக்கத்து ஜாடிகள்னு 2007ல் எழுதினார். ஒரு ரிப்போர்ட்ல சந்தேகம் வந்தா நாங்க டெஸ்ட்டை ரிப்பீட் பண்ணுவோம், அதே கதைதான். அரிக்கமேட்டு இத்தாலிய ஜாடிகள் அந்தச் சோதனைக்கும் நின்னிருக்கு.

16/ "அந்தக் காலத்துல கெமிக்கல் இல்லையே டாக்டர்?" இருந்துச்சு. ரோமானியர் திராட்சைச் சாறைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி, ஒயின்ல இனிப்புக்கும் கெடாம இருக்கவும் கலப்பாங்க. அதைக் காய்ச்ச வெண்கலப் பாத்திரத்தைவிட ஈயப் பாத்திரம் மேல்னு கொலுமெல்லா என்ற விவசாய நிபுணரே எழுதியிருக்கார். வெண்கலம் களிம்பேறி ருசியைக் கெடுக்கும். ஈயமோ புளிப்போட சேர்ந்து இனிக்கும் உப்பாயிடும்.

17/ ஈயம் உடம்புல சேர்ந்தா வயித்துவலி, ரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி, கீல்வாதம். ரோமப் பிரபுக்களோட கீல்வாதத்துக்கு இதுதான் காரணம்னு 1983ல் நிரியாகு என்ற விஞ்ஞானி எழுதினார், அதை மறுத்தவங்களும் உண்டு. எந்த அளவுக்குங்கிறது வாதம். ஆனா "பாரம்பரியம், இயற்கை" என்கிற லேபிள் மட்டும் ஒரு பொருளைப் பாதுகாப்பானதா ஆக்கிடாது.

18/ ஹார்ட் விஷயம். 1991ல் ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சி, 1992ல் லான்செட் இதழ்ல ஒரு கட்டுரை. பிரெஞ்சுக்காரங்க வெண்ணெயா சாப்பிட்டும் மாரடைப்பு குறைவு, காரணம் ரெட் ஒயினா இருக்கலாம்னு. உலகமே பிடிச்சுக்கிச்சு. நாங்களும் அப்படித்தான் படிச்சோம். வேலையில சேர்ந்த புதுசுல "கொஞ்சமா குடிச்சா பரவாயில்ல சார்"னு நானே சில பேருக்குச் சொல்லியிருக்கேன். அதை நினைச்சா இன்னிக்கும் உறுத்துது.

19/ எங்க தப்பாச்சு? அந்த மாதிரி ஆய்வுகள்ல "குடிக்காதவங்க" பட்டியல்ல, உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவங்களும் சேர்ந்திருந்தாங்க. அவங்களோட ஒப்பிட்டா அளவாக் குடிக்கிறவர் ஆரோக்கியமாத்தான் தெரிவார். 1988லேயே ஆல்கஹால் புற்றுநோய் தரும் பொருள் பட்டியல்ல முதல் வகுப்புக்குப் போயிடுச்சு. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில சொல்லிடுச்சு. பாட்டில் எந்தக் குடும்பத்துலேர்ந்து வந்தாலும் உள்ள இருக்கிறது அதே எத்தனால்.

20/ இதையெல்லாம் அவர்கிட்ட அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடிஞ்சதைச் சொன்னேன். கடைசியா கேட்டார்: "அப்போ பொண்ணுகிட்ட என்ன சொல்றது டாக்டர்? ஆசையா வாங்கிட்டு வந்தா." அதுதான் நிஜமான கேள்வி. லிவர் ரிப்போர்ட்டை அவகிட்ட காட்டுங்க, மறைக்காதீங்கன்னு சொன்னேன். அவளுக்குத் தெரியாம இருந்ததுனாலதான் ஒயின் வாங்கினா.

21/ போன வாரம் ரெண்டு பேருமா வந்தாங்க. பாட்டிலை அந்தப் பொண்ணு தன் ஃப்ரெண்ட்ஸுக்குக் கொடுத்துட்டாளாம். அப்பாவும் பொண்ணும் காலையில சிட்லபாக்கம் ஏரிக்கரையில நடக்கிறாங்களாம். லிவர் டெஸ்ட் கொஞ்சம் இறங்கியிருக்கு. இன்னும் இறங்கணும்.

22/ முக்கியமானது, இதை மட்டும் தவறாம படிங்க. வருஷக்கணக்கா தினமும் நிறையக் குடிக்கிறவங்க இந்த த்ரெட்டைப் படிச்சுட்டு நாளைக்கே திடீர்னு நிறுத்தாதீங்க. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம்னு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில நிறுத்துங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுலயே இதுக்குச் சிகிச்சை இருக்கு. வெட்கப்பட ஒண்ணுமில்ல.

23/ தாம்பரத்துலேர்ந்து எழும்பூருக்கு நேரா ட்ரெயின் இருக்கு. லீவு நாள்ல பசங்களைக் கூட்டிக்கிட்டு மியூசியம் போங்க. புதுச்சேரி போனா பீச்சோட திரும்பிடாம அரிக்கமேட்டையும் பாருங்க. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, ஓபி முடிச்சுட்டு ராத்திரி பதில் சொல்றேன்.