பைத்தானின் தனிக்குடித்தனம்

2008 செப்டம்பரில், பைத்தான் நிரல்மொழியில் வலைத்தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோவின் 1.0 பதிப்பு வெளிவந்தபோது, 0.96 பதிப்பை நம்பி எழுதிய வலைத்தளங்கள் அதில் அப்படியே ஓடவில்லை. 'மேக்ஸ்லென்த்' என்று சேர்த்து எழுதிய ஒரு சொல்லின் நடுவே அடிக்கோடு புகுந்திருந்தது. பழைய நிரல் முரண்டு பிடிக்க அது ஒன்றே போதும். நிரலருக்கோ பழைய தளத்தையும் காப்பாற்ற வேண்டும், புதியதையும் கட்ட வேண்டும். கணினி ஒன்றுதான், லைப்ரரிகள் வந்து உட்காரும் 'சைட்-பேக்கேஜஸ்' அடைவும் ஒன்றுதான். புதியது உள்ளே வந்தால் பழையது படுத்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருந்தது. ரெட்ஹேட் லினக்ஸில் மென்பொருள்களை நிறுவித் தந்த 'யம்', பைத்தானில் எழுதப்பட்டது. கணினியோடு வந்த பைத்தானை யாராவது மாற்றிவைத்தால் யம் நின்றுவிடும். யம் நின்றால், பழுதைச் சரிசெய்ய எதையும் நிறுவும் வழியும் அடைபட்டுவிடும்.

பிரித்து வைக்கும் யோசனை யூனிக்ஸுக்குப் புதிதல்ல. 1979-இன் ஏழாம் பதிப்பிலேயே 'சிஎச்ரூட்' வந்துவிட்டது. அடைவு மரத்தின் ஒரு கிளையைக் காட்டி, இதுதான் வேர் என்று நிரலை நம்பவைக்கும் ஏற்பாடு அது. ஆனால் அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். ஒரு லைப்ரரியின் இரண்டு பதிப்புகளுக்காக அவ்வளவு தூரம் போக யாருக்கும் மனம் வரவில்லை.

எளிய வழியைக் கண்டவர் இயன் பிக்கிங் என்ற நிரலர். 2006-இல் 'வொர்க்கிங்என்வ்' என்று ஒன்றைச் செய்து பார்த்தார். 2007-இல் 'வர்ச்சுவல்என்வ்' வந்தது. பைத்தான் விழித்தெழுந்ததும் தன் வீடு எது என்று தேடும். தான் இருக்கும் அடைவில் தொடங்கி மேலே மேலே ஏறி, 'ஓஎஸ்.பிஒய்' என்ற கோப்பு எங்கே கிடைக்கிறது என்று பார்க்கும். கிடைத்த இடமே வீடு. பிக்கிங் செய்தது இதுதான்: பைத்தானின் இயங்கு கோப்பை ஒரு புது அடைவில் நகலெடுத்து வைத்து, அடிப்படை நூலகத்துக்கு அங்கிருந்தே இணைப்புகள் கொடுத்தார். பைத்தான் அதையே தன் வீடாக எடுத்துக்கொண்டது. அதன்பின் நிறுவும் லைப்ரரி எல்லாம் அந்த வீட்டுக்குள்தான் போகும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மென்பொருள் உலகில் இத்தனை சிக்கனமான தீர்வுகள் அபூர்வம்.

இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அந்த அடைவு எங்கே என்று நினைவில் வைத்து, முழுப் பாதையையும் தட்டி, அதைச் செயல்படுத்தும் 'ஆக்டிவேட்' கோப்பை ஏற்ற வேண்டியிருந்தது. 2008-இல் டக் ஹெல்மன் என்ற நிரலர் ஷெல் கட்டளைகளாக எழுதிய 'வர்ச்சுவல்என்வ்ராப்பர்' இந்த அலுப்பைப் போக்கியது. இப்படி உருவாக்கிய தனி வீடுகள், அதாவது சூழல்கள், எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தன. 'வொர்க்ஆன்' என்று தட்டிப் பெயரைச் சொன்னால் போதும், அந்தத் திட்டத்துக்குள் நுழைந்துவிடலாம். அதைவிட முக்கியம், அதிலிருந்த கொக்கிகள். சூழல் பிறந்ததும் வழக்கமான லைப்ரரிகளை நிறுவு, உள்ளே நுழைந்ததும் திட்டத்தின் அடைவுக்குப் போ என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தனிச்சூழல் அன்றாடப் பழக்கமாக வேர்விட்டதில் ஹெல்மனின் பங்கு பேசப்பட்டதைவிடப் பெரியது.

அதே 2008-இல் பிக்கிங், லைப்ரரிகளை நிறுவும் 'பிப்' கருவியையும் தந்தார். அதன் 'ஃப்ரீஸ்' கட்டளை, சூழலில் உள்ள லைப்ரரிகளைப் பதிப்பு எண்ணோடு பட்டியலிடும். அந்தப் பட்டியலை நிரலோடு சேர்த்து அனுப்பினால், வேறொரு ஊரில் இருப்பவரும் ஒரே கட்டளையில் அதே லைப்ரரிகளைத் தன் கணினியில் இறக்கிக்கொள்ளலாம்.

வெளியாள் செய்த கருவியை மொழியே ஏற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. கார்ல் மேயர் எழுதிய 405-ஆம் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவின்படி, 2012-இல் பைத்தான் 3.3 'வென்வ்' வசதியோடு வந்தது. நூலகத்துக்குத் தனி இணைப்புகள் தேவைப்படவில்லை. மூல பைத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு சிறு உரைக்கோப்பு போதுமானது. 2014-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து ஒவ்வொரு சூழலுக்குள்ளும் பிப் தானாகவே வந்து அமர்ந்தது.

2023 ஜூனில் வெளியான டெபியன் 12 லினக்ஸ், கணினியின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவுவதை மறுத்துவிட்டது. தனிச்சூழலை உருவாக்கிக்கொள் என்று பிழைச்செய்தியே வழிகாட்டுகிறது. புதிதாகக் கற்க வரும் பிள்ளைகள் அந்தச் செய்தியைப் பார்த்து மிரள்கிறார்கள். பைத்தான் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே, முதல் வரி நிரலுக்கும் முன்பாக, 'வென்வ்' கட்டளையைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.