டெலஸ்கோப் இல்லாமலே நெபுலாவைப் படம் எடுக்கலாமா? வானியல் புகைப்படம் கற்பது எப்படி?

சிவப்பும் ஊதாவுமாக மின்னும் நெபுலா படங்களைப் பார்த்ததும், ‘இதெல்லாம் நாசாவால மட்டும்தான் முடியும்’ என்று தோன்றும். ஆனால் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் டிரைபாடும் இருந்தாலே தொடங்கிவிடலாம். லட்சக்கணக்கில் செலவு பண்ணுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

முதலில் எதை எடுப்பது?

ஓரியன் நெபுலாதான் சரியான தேர்வு. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில், புது நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம் இது. ஜனவரி, பிப்ரவரியில் இரவு 8 மணிக்கு மேல் வானத்தைப் பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். அவற்றுக்கு வடக்கே செம்மஞ்சளாகத் தெரிவது நம்ம திருவாதிரை. தெற்கே பஞ்சு போல மங்கலாகத் தெரிவதுதான் நெபுலா. 1880-லேயே அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர் சுமார் 50 நிமிடம் ஒளியைச் சேகரித்து இதைப் படம் எடுத்துவிட்டார்.

ஒரே கிளிக்கில் ஏன் வராது?

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளிகள் கோடாகிவிடும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 500-ஐ லென்ஸின் குவிய நீளத்தால் வகுக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் 10 விநாடி. பலரிடமும் இருக்கும் சிறிய சென்சார் கேமராவில் 6 விநாடிதான்.

6 விநாடியில் என்ன தெரியும்? பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால்தான் அதே படத்தை 300 முறை எடுக்கிறார்கள். மொத்தம் 30 நிமிட ஒளி கிடைத்துவிடும்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

* அமாவாசையை ஒட்டிய இரவு, தெருவிளக்கு இல்லாத இடம்.
* ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, பிரகாசமான நட்சத்திரம் ஒன்று மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் ஃபோகஸ் செய்யவும்.
* ஜேபெக் வேண்டாம், ரா ஃபைல் அவசியம்.
* கடைசியில் லென்ஸை மூடிவிட்டு, அதே செட்டிங்கில் 20, 30 படங்கள். இவை ‘டார்க் ஃபிரேம்’. சென்சாரின் சொந்தக் குறைகளைக் கழிக்க உதவும்.

எடிட்டிங் எப்படி?

டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் ஆகிய இலவச மென்பொருள்கள் எல்லாப் படங்களையும் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொருத்தி ஒன்றாக்கிவிடும். இதற்குப் பெயர் ‘ஸ்டேக்கிங்’. 100 படங்களைச் சேர்த்தால் படத்தில் தெரியும் இரைச்சல் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

சேர்த்து முடித்ததும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். ‘சொதப்பிட்டோம்’ என்று டெலீட் பண்ணிவிடாதீர்கள். விவரங்கள் அந்த இருட்டுக்குள்தான் இருக்கின்றன. மங்கலான பகுதிகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்க வேண்டும். இதுதான் ‘ஸ்ட்ரெட்ச்சிங்’. அவசரப்பட்டு இழுத்தால் நெபுலாவின் மையம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

அந்த நிறம் நிஜமா, கலர் அடிச்சதா?

நிஜம்தான். சிவப்பு, ஹைட்ரஜன் வாயு வெளியிடும் ஒளி. குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணால் நிறத்தைப் பிரித்தறிய முடியாது, கேமராவால் முடியும். எடிட்டிங்கில் இருக்கும் நிறத்தைத் தூக்கிக் காட்டலாம். ஆனால் இல்லாத ஒன்றை வரைந்து சேர்த்தால் அது புகைப்படம் ஆகாது, ஓவியம்தான்.

டிராக்கர் எப்போது வாங்கலாம்?

பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் கருவி இது. இதை துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிசெய்ய வேண்டும். சென்னையில் அந்த நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து வெறும் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வடக்கே ஒரு அபார்ட்மென்ட் இருந்தால் அவ்வளவுதான், தெரியாது. எனவே உங்கள் மாடியில் துருவ நட்சத்திரம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பர்ஸை அப்புறம் திறக்கலாம்.