வாக்கு எண்ணி முடிந்த மறுநாள்



தேர்தல் முடிவு வெளியான மறுநாள் காலையில் கட்சிக்காரர் ஒருவரின் வீட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? வென்றவர் வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி. தோற்றவரோ வானொலியை அடைத்துவிட்டு, கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார். இது சிறுபிள்ளைத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு தேர்தல் தந்த மனநிலை அடுத்த தேர்தலின் முடிவிலும் கலந்துவிடுகிறது. ஜொகூரின் பெர்மாஸ் ஜெயா வட்டாரத்தில் இதை நாம் கண்டோம்.

அம்னோ கட்சி 1946 மே 11இல் ஜொகூர் பாருவில் பிறந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்ற நாள் முதல், முதலில் கூட்டணியாகவும் பின்னர் தேசிய முன்னணியாகவும், அக்கட்சியே தலைமை தாங்கி மாநிலத்தை ஆண்டு வந்தது. 2018 மே 9ஆம் நாள் அந்த ஆட்சி சரிந்தது. மந்திரி பெசார் காலிட் நோர்டினே பெர்மாஸ் சட்டமன்றத் தொகுதியில் தோற்றார். கட்சியின் 72ஆவது பிறந்த நாளுக்கு இரண்டே நாள் இருந்தது. பழைய தொண்டர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. 2020 பிப்ரவரி இறுதியில், ஓர் ஓட்டுப் பெட்டிகூடத் திறக்கப்படாமலே, உறுப்பினர்கள் அணி மாறியதால் மாநில ஆட்சி கைமாறியது. தோற்றவனுக்காவது ஆறுதல் சொல்ல ஆள் உண்டு; வென்றதைப் பறிகொடுத்தவன் யாரிடம் போய் முறையிடுவான்?

2022 மார்ச் 12இல் மீண்டும் தேர்தல் வந்தது. 2018இல் ஜொகூரில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வாக்களித்திருந்தனர். இம்முறை சுமார் 55 பேர்தான். கொரோனா அச்சமும், சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் ஊர் திரும்புவதில் இருந்த சிரமமும் காரணங்களே. ஆயினும் மனம் கசந்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் பலர் என்பது என் கணிப்பு. மொத்தம் 56 இடங்களில் 40 தேசிய முன்னணிக்குப் போயின. பெர்மாஸும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் காலிட் நோர்டின் கோத்தா திங்கியிலிருந்து நாடாளுமன்றம் சென்று, அடுத்த மாதம் அமைச்சரும் ஆனார்.

இவர்களுக்கு வீட்டிலிருக்கும் உரிமையாவது இருந்தது. நம்மைப் போலவே தோட்டத்தில் உழைத்த இலங்கைத் தமிழர் கதை வேறு. 1947 தேர்தலில் தோட்டத் தொகுதிகளில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்றது; நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். லயங்களில் அன்று எத்தனை உற்சாகம்! அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பெரும்பாலோரின் வாக்குரிமை பறிபோனது. 1952இல் அவர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்று வருந்தக்கூட அவர்களுக்கு வழியில்லை.

தொண்டமான் மக்களின் வாக்கால் மறுபடியும் நாடாளுமன்றம் போனது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து. 1947இல் வாக்களித்துவிட்டு ஆடிப்பாடிய இளைஞனுக்கு அப்போது தலை நரைத்திருக்கும்.