விசிலுக்குத் திறந்த கோட்டை

1957. அமெரிக்காவில் ஜோ எங்ரெஸ்ஸியா என்று ஒரு பொடியன். பிறவியிலேயே பார்வை கிடையாது, காதுதான் எல்லாம். டெலிபோனில் ஏதோ பதிவுசெய்த குரலைக் கேட்டுக்கொண்டே சும்மா விசிலடித்தான். சட்டென்று குரல் நின்றது. மறுபடி அடித்தான்... மறுபடியும் நின்றது!

அவன் வாயிலிருந்து வந்தது 2600 ஹெர்ட்ஸ் ஒலி. வெளியூர் லைன் சும்மா இருந்தால், அங்கே இந்த ஒலிதான் ஓடிக்கொண்டிருக்கும். விசிலைக் கேட்ட எக்ஸ்சேஞ்ச், ‘ஆள் போனை வைத்துவிட்டான்’ என்று நம்பிவிட்டது, பாவம்! பிறகு சரியான சுரங்களை ஊதினால், உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் ஓசியில் பேசலாம்.

தப்பு எங்கே என்கிறீர்களா? பேச்சும் கட்டளையும் ஒரே கம்பியில் போனதுதான். போதாக்குறைக்கு, அந்தச் சுரங்கள் என்னென்ன என்று பெல் கம்பெனியின் தொழில்நுட்பப் பத்திரிகையே 1960-ல் அச்சடித்துவிட்டது. வீட்டுச் சாவியின் அச்சை ஊருக்கே விநியோகித்த கதை! 1971-ல் ‘எஸ்கொயர்’ பத்திரிகையில் இந்த விஷயம் வந்ததும், படித்துவிட்டு ‘நீலப் பெட்டி’ செய்து விற்றார்கள் இரண்டு இளைஞர்கள். பெயர்கள்: ஸ்டீவ் வோஸ்னியாக், ஸ்டீவ் ஜாப்ஸ்.

கம்பெனி சும்மா இருக்குமா? 1976 முதல் கட்டளைகளைத் தனிப் பாதைக்கு மாற்றத் தொடங்கியது. திருட்டை அடைக்கக் கட்டிய சுவர்தான்... ஆனால் அதில் ஒரு புதையலும் கிடைத்தது. தனிப் பாதை இருப்பதால், எக்ஸ்சேஞ்ச் எங்கோ இருக்கிற கம்ப்யூட்டரிடம் ‘இந்த நம்பரை எங்கே அனுப்பட்டும்?’ என்று கேட்கலாம். எண்பதுகளில் 800 இலவச நம்பர்கள் அப்படித்தான் ஓடின.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரும் கம்பெனியுடையதே. வெளியாள் ஒரு புதுச் சேவை செய்ய ஆசைப்பட்டால்? மூச்! பயத்துக்குக் காரணம் இருந்தது. 1990 ஜனவரி 15 அன்று ஏடி அண்டு டி நெட்வொர்க்கில் 114 ஸ்விட்ச்சுகள் ஒன்றையொன்று கவிழ்த்துக்கொண்டே போயின. ஒன்பது மணி நேரம் தடுமாற்றம். சொந்த ஆட்கள் எழுதிய புரோகிராமில் ஒரு சின்னப் பிழை, அவ்வளவுதான். இதில் வெளியாளை வேறு உள்ளே விடுவதா?

1998-ல் பிரிட்டிஷ் டெலிகாம், மைக்ரோசாஃப்ட், நார்ட்டெல், சீமென்ஸ் முதலியவை சேர்ந்து ‘பார்லே’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. கோட்டையை இடிக்க வேண்டாம். வாசல் வைத்துக் காவலாளியை நிறுத்துவோம். அந்த வாசல்தான் கேட்வே. வெளியார் சர்வர் வந்து, ‘இவரையும் அவரையும் இணைத்துவிடு’ என்று கேட்கும். நீ யார், உனக்கு எதற்கெல்லாம் அனுமதி என்று விசாரித்த பிறகே, கேட்வே அதை நெட்வொர்க்கின் பாஷையில் மாற்றிச் சொல்லும். வெளியாள் கை ஸ்விட்ச்சின் மேல் படவே படாது.

அருமையான யோசனைதான். ஆனால், விதிமுறைகள் தலையணை சைஸுக்குப் பெருத்தன. அதோடு, ஒவ்வொரு டெலிபோன் கம்பெனியோடும் தனித்தனியே ஒப்பந்தம் பேச வேண்டும். சின்ன ஆட்களால் முடிகிற காரியமா? என்னைக் கேட்டால், வாசலைக் கட்டியவர்கள் அதைக் கோட்டைக்குள் இருந்தபடியே கட்டியதுதான் கோளாறு.

2008-ல் ட்விலியோ என்ற புதுக் கம்பெனி வெளியே கடை போட்டது. டெலிபோன் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுவதை அது பார்த்துக்கொண்டது. நீங்கள் நாலு வரி புரோகிராம் எழுதினால் எங்கோ மணி அடிக்கும்! ஆப்பில் கூப்பிட்ட டாக்ஸிக்காரர் உங்களோடு பேசுகிறார், ஆனால் திரையில் அவர் நம்பர் தெரிவதில்லை. உங்கள் நம்பரும் அவருக்குத் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பேரையும் கோத்துவிடுவது இந்த மாதிரி ஒரு வாசல்காரர்தான்.